நாலாவது கேள்வி

டெல்பர்ட்: …அதெல்லாம் வேண்டாம். கையெழுத்துப் போடற தாளைக் கொடு. 'ஆம்புலன்ஸ் வந்துச்சு, நான் ஏறல, செத்தா என் தலையெழுத்து'ன்னு ஒண்ணு வெச்சிருப்பீங்களே, அது.

ஷெல்பி: இருக்கு, தர்றேன். முதல்ல கையை நீட்டுங்க மிஸ்டர் டெல்பர்ட், பிரஷர் பாக்கணும்.

டெல்பர்ட்: பாக்கறதுக்குக் காசு உண்டா?

ஷெல்பி: இல்ல.

டெல்பர்ட்: வண்டி வாசல்ல நிக்கறதுக்கு?

ஷெல்பி: அதுக்கும் இல்ல. ஆளை ஏத்திக்கிட்டுக் கிளம்பினாத்தான் பில்லு.

டெல்பர்ட்: கேட்டியாடி? ஏத்தினாத்தான் பில்லாம். நான் ஏறப்போறதில்ல. கதை முடிஞ்சுது.

நோரீன்: புல்லுல மல்லாந்து கிடந்த மனுஷன் பேசற பேச்சைப் பாரு. ஜன்னல் வழியா நான் பாத்துட்டுத்தான் இருந்தேன், பொண்ணு. வெளிய போனாரு, ரெண்டு நிமிஷம் அப்படியே நின்னாரு, பொத்துனு சரிஞ்சாரு. எனக்கு உசுரே போயிருச்சு. உடனே உங்களுக்குப் போன் பண்ணிட்டேன்.

டெல்பர்ட்: உறைபனி, வழுக்கிருச்சு. அதுக்கு ஆம்புலன்ஸ் ஒரு கேடா? வாசல்ல நட்ட தேர்தல் பலகையைப் பிடுங்கிப் போடலாம்னு போனேன். நம்ம ஆளு ஜெயிச்சாச்சு, இனி அது எதுக்கு அங்க?

நோரீன்: நேத்து வரைக்கும், "கிறிஸ்மஸ் முடியற வரைக்கும் இருக்கட்டும், எதிர்வீட்டுக்காரன் வயிறு எரியட்டும்"னு சொன்னீங்க?

டெல்பர்ட்: மனசு மாறிருச்சு. பாவம், எத்தனை நாளைக்குத்தான் எரியும்?

ஷெல்பி: தலையில அடி கிடி?

டெல்பர்ட்: இல்ல.

ஷெல்பி: பல்லைக் காட்டிச் சிரிங்க.

டெல்பர்ட்: எதுக்கு?

ஷெல்பி: வாய் கோணுதான்னு பாக்கறதுக்கு.

டெல்பர்ட்: ஓட்டு எண்ணின ராத்திரியிலேர்ந்து நான் சிரிச்சுக்கிட்டேதான் இருக்கேன். இந்தா, பாத்துக்க.

ஷெல்பி: போதும், போதும். நான் தோத்த பக்கம், ரொம்பக் காட்டாதீங்க. ரெண்டு கையையும் நேரா நீட்டுங்க. கண்ணை மூடிக்கங்க… ம். இறக்கலாம். கை, வாய் எல்லாம் சரியாத்தான் இருக்கு. பிரஷர்தான் நூத்தித் தொண்ணூறு.

டெல்பர்ட்: அதுக்குக் காரணம் அதோ நிக்குது பாரு, ஏப்ரன் கட்டிக்கிட்டு.

நோரீன்: ஆமா, நான்தான். நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு நேத்து சாப்பிடும்போது வாயை விட்டுட்டேன், பொண்ணு. இவரு ஆளுக்கு இல்ல. நேத்து சிரிச்சுக்கிட்டுப் போய்ப் படுத்துட்டாரு. இன்னிக்குக் காலையிலதான் கோவம் ஏறியிருக்கு. ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடல. "ஏய்", "இந்தா", "அடியே"… இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு கோவம் வந்து நான் பாத்ததே இல்ல.

டெல்பர்ட்: நாப்பத்தோரு வருஷமா ஒரே படுக்கை, ஒரே ரொட்டி. ஓட்டு மட்டும் எதிராளிக்கு.

நோரீன்: என் ஓட்டு, என் இஷ்டம்.

ஷெல்பி: அம்மா, இவரு சாப்பிடற மாத்திரையெல்லாம் எடுத்துட்டு வாங்களேன். கோட்டும்.

நோரீன்: கோட்டு எதுக்கு, வரமாட்டேங்கறாரே?

ஷெல்பி: எதுக்கும் எடுத்துட்டு வாங்க.

டெல்பர்ட்: …போயிட்டாளா? தாளைக் கொடு இப்ப.

ஷெல்பி: நாலு கேள்வி இருக்கு. புத்தி தெளிவா இருக்கறவங்கதான் 'வரமாட்டேன்'னு சொல்லலாம். நாலுக்கும் பதில் சொல்லிட்டா நீங்க கையெழுத்துப் போடுங்க, நான் கிளம்பிட்டே இருப்பேன். உங்க பேரு?

டெல்பர்ட்: சட்டைப் பையில தைச்சிருக்கு, படிச்சுக்க. படிக்கத் தெரியுமில்ல? பன்னெண்டு வருஷம் உன்னைப் பள்ளிக்கூடத்துல கொண்டு விட்டவன் நான்.

ஷெல்பி: ஒரு நிமிஷம் லேட்டா வந்தா ஹாரனை அடிச்சுட்டு பஸ்ஸைக் கிளப்பிடுவீங்க.

டெல்பர்ட்: உனக்காக நிறுத்துவேன். வலப்பக்கம் மூணாவது சீட்டு. பல்லுல கம்பி, வாயில எப்பவும் சூயிங்கம்.

ஷெல்பி: இன்னிக்கு என்ன கிழமை?

டெல்பர்ட்: மான் வேட்டை திறக்கற நாள். இந்த ஜில்லாவுல தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஷெல்பி: எங்களுக்கும் தெரியும். விடியறதுக்குள்ளயே ஒருத்தரு மரத்துப் பரண்லேர்ந்து விழுந்தாச்சு. இப்ப எங்க இருக்கீங்க?

டெல்பர்ட்: என் அடுப்படியில. என் நாற்காலியில. நீ உக்காந்திருக்கியே, அது அவளோடது.

ஷெல்பி: நாலாவது கேள்வி. அமெரிக்க அதிபர் யாரு?

டெல்பர்ட்: …

ஷெல்பி: மிஸ்டர் டெல்பர்ட்?

டெல்பர்ட்: இப்ப இருக்கறவரா, வரப்போறவரா?

ஷெல்பி: ஜனவரி வரைக்கும் எங்க ஆளுதான் அதிபர். அவரு பேரு?

டெல்பர்ட்: அந்தாளு பேரை என் வாயால சொல்லமாட்டேன். எட்டு வருஷமாச் சொன்னதில்ல. இப்ப மூட்டை முடிச்சைக் கட்டற நேரத்துலயா சொல்லப் போறேன்?

ஷெல்பி: அப்ப 'பதில் சொல்லல'ன்னு எழுதிக்கறேன். பதில் இல்லன்னா தாள் இல்ல. தாள் இல்லன்னா ஸ்ட்ரெச்சர்.

டெல்பர்ட்: பாத்தியா, பாத்தியா! இதுதான் உங்க கட்சி. எல்லாத்துக்கும் கட்டாயம். வைத்தியத்துல அரசாங்கத்துக்கு என்ன வேலை? இன்சூரன்ஸ் வாங்கித்தான் ஆகணும்னு ஒரு சட்டம், வாங்கலன்னா அபராதம். இது என்ன சுதந்திர நாடா, இல்ல என் மாமியார் வீடா?

ஷெல்பி: கட்டாயம் இல்லன்னா, நோவு வந்ததுக்கப்புறம்தான் எல்லாரும் வாங்க ஓடுவாங்க. அப்புறம் கம்பெனி எப்படி நடக்கும்?

டெல்பர்ட்: நான் வாங்கினேனே! மாசம் எழுநூறு டாலர். ஆனா வருஷா வருஷம் வைத்தியச் செலவுல முதல் ஏழாயிரம் டாலர் என் கைக்காசு, அதுக்கப்புறம்தான் அது கண்ணைத் திறந்தே பாக்கும். ஓட்டைக் குடையை வாங்கி வெச்சுக்கிட்டு, மழை நல்லாப் பெய்யணும்னு நான் வேண்டிக்கணுமா?

ஷெல்பி: ஓட்டையை அடைங்கன்னு சொல்லுங்க, நானும் கூட நிக்கறேன். குடையையே தூக்கிப் போடறேங்கறாரே உங்க ஆளு. என் தம்பி பொண்ணுக்குச் சர்க்கரை. முன்னாடி ஒரு கம்பெனியும் சேத்துக்கல. 'ஏற்கெனவே இருந்த நோய்'னு சொன்னாங்க. அவளுக்கு அப்ப மூணு வயசு. மூணு வயசுக்கு 'ஏற்கெனவே'ன்னா எப்போ, சொல்லுங்க? அந்தச் சட்டம் வந்துதான் சேத்தாங்க.

டெல்பர்ட்: குழந்தையை யாரு வெளிய தள்ளப் போறா? கிழிச்சுப் போட்டுட்டு அதைவிட நல்லதா ஒண்ணு கொண்டுவருவாரு.

ஷெல்பி: என்ன ஒண்ணு?

டெல்பர்ட்: நல்லதா ஒண்ணு.

ஷெல்பி: அதான், என்ன?

டெல்பர்ட்: சட்டத்தை நானா எழுதறேன்? நான் பஸ் ஓட்டினவன். சரி, நம்ம ஊர் ஆஸ்பத்திரியை மூடினது யாரு ஆட்சியில? அதைச் சொல்லு. நடந்து போற தூரத்துல இருந்துச்சு. இப்ப அம்பது நிமிஷம் போகணும்.

ஷெல்பி: இன்சூரன்ஸ் இல்லாதவங்களுக்கு வைத்தியம் பாத்துப் பாத்தே நொடிச்சுப் போச்சு. அந்தச் சட்டத்தால நாலு பேரு இன்சூரன்ஸ் கார்டோட வந்தாங்க, அதுக்குள்ள மூடிட்டாங்க.

டெல்பர்ட்: எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்க. ஆமா, உனக்கு இன்சூரன்ஸ் இருக்கா?

ஷெல்பி: இருக்கு.

டெல்பர்ட்: ஆம்புலன்ஸ்காரங்க கொடுக்கறாங்களா?

ஷெல்பி: …இல்ல. முழுநேர ஆளுன்னா கொடுத்தாகணும்னு, வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் குறைச்சுக் காட்டிப் பகுதிநேரம்னு வெச்சிருக்காங்க. நானே அந்தச் சட்டத்துலதான் வாங்கினேன். உங்க ஆளு அதைக் கிழிச்சா எனக்கும் போயிரும். ராத்திரி தூக்கம் வரல மிஸ்டர் டெல்பர்ட், நிஜமாச் சொல்றேன்.

டெல்பர்ட்: …உனக்குப் போகணும்னு நான் ஓட்டுப் போடல, பாப்பா.

ஷெல்பி: தெரியும்.

நோரீன்: டெல்பர்ட்! பிரஷர் மாத்திரை எங்க?

டெல்பர்ட்: பாத்ரூம் சிங்க்குக்கு மேல, ஜாடிக்குப் பின்னாடி!

நோரீன்: இது என்ன, எல்லாம் அரை அரையா உடைஞ்சு கிடக்கு?

ஷெல்பி: அரையா?

டெல்பர்ட்: மெதுவாப் பேசு.

ஷெல்பி: எத்தனை நாளா அரை மாத்திரை?

டெல்பர்ட்: கோடையிலேர்ந்து. இன்னும் நாலே மாசம், எனக்கு அறுபத்தஞ்சு. வயசானவங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ் கார்டு வந்துரும். அப்புறம் முழுசா முழுங்கறேன். வேணும்னா ரெண்டு ரெண்டாக்கூட.

ஷெல்பி: அரசாங்கக் கார்டா! வைத்தியத்துல அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு இப்பதானே சொன்னீங்க?

டெல்பர்ட்: அது வேற. அது என் சம்பளத்துல பிடிச்ச காசு.

ஷெல்பி: எல்லாமே யாராவது ஒருத்தர் சம்பளத்துல பிடிச்சதுதான்.

டெல்பர்ட்: சிரிக்காத. நாலு மாசம் இந்த உடம்பை ஒட்டுப்போட்டு ஓட்டிட்டாப் போதும். போன வருஷம் இவளுக்குப் பித்தப்பையை எடுத்தாங்க. என் படகு போச்சு. இனி விக்கறதுக்கு இந்த வீடு ஒண்ணுதான் பாக்கி. எனக்கு என்ன ஆனாலும் சரி, அவளை இந்த அடுப்படியிலேர்ந்து நான் கிளப்பமாட்டேன். அதுதான் என் கொள்கை, என் கட்சி, எல்லாம். இப்பத் தாளைக் கொடு.

ஷெல்பி: …சரி. ஒரு வழி சொல்றேன். எங்க ஆளு பேரு வேண்டாம். உங்க ஆளு பேரைச் சொல்லுங்க. ஜெயிச்சவரு. அதையே பதிலா எழுதிக்கறேன்.

டெல்பர்ட்: நிஜமாவா?

ஷெல்பி: நிஜமா. சத்தமாச் சொல்லுங்க, எதிர்வீட்டுக்குக் கேக்கட்டும்.

டெல்பர்ட்: அவரு பேருதான் ஊருக்கே தெரியுமே.

ஷெல்பி: எனக்குச் சொல்லுங்க.

டெல்பர்ட்: டிவியைப் போடு. நாள் பூரா அவருதான்.

ஷெல்பி: டிவி வேண்டாம். பத்து மாசமா அந்தப் பேரை வாசல்ல நட்டு வெச்சிருக்கீங்க, தொப்பியில போட்டுக்கிட்டுத் திரியறீங்க…

டெல்பர்ட்: என் தொப்பி எங்க?

ஷெல்பி: தொப்பியைப் பாக்காம.

டெல்பர்ட்: தோத்த கட்சிக்காரி கேட்டா நான் ஏன் சொல்லணும்?

ஷெல்பி: …மிஸ்டர் டெல்பர்ட், என்னைப் பாருங்க. என் பேரு என்ன?

டெல்பர்ட்: உன்னைத் தெரியாதா எனக்கு? உங்கப்பாவுக்கு டயர் கடை. உங்க வீட்டு நாய் பஸ் பின்னாடியே ஒரு மைல் ஓடி வரும். பனி கொட்டின வருஷம் பாலத்தடியில பஸ்ஸை நிறுத்திட்டு, உன்னை வீட்டுப்படி வரைக்கும் தூக்கிட்டுப் போய் விட்டேன்.

ஷெல்பி: ஆமா. ஷூ ரெண்டும் நனைஞ்சு போச்சு உங்களுக்கு. பேரு?

டெல்பர்ட்: …

ஷெல்பி: பேரு சொல்லுங்க.

டெல்பர்ட்: நீயும் சட்டையில தைச்சுக்கிட்டா என்ன?

ஷெல்பி: சரி. பரவால்ல. பயப்படாதீங்க. எப்பலேர்ந்து இப்படி? மணி மட்டும் சரியாச் சொல்லுங்க, அதுதான் முக்கியம்.

டெல்பர்ட்: எழுந்தப்போ நல்லாத்தான் இருந்தேன். காபி போட்டப்போ… ஏழு, ஏழே கால் இருக்கும்.

ஷெல்பி: இப்ப எட்டு அஞ்சு. மூளைக்குப் போற குழாயில ரத்தம் கட்டியிருக்கலாம். அதைக் கரைக்கற மருந்து இருக்கு. சீக்கிரம் போட்டாத்தான் கேக்கும். இப்பக் கிளம்பினா ஒம்பதுக்குப் போயிடலாம், நேரம் இருக்கு. பில்லைப் பத்தி உங்க ஆளும் எங்க ஆளும் அப்புறம் அடிச்சுக்கட்டும், நானும் வந்து உங்க பக்கம் நின்னு கத்தறேன். தாள் கிடையாது உங்களுக்கு. வண்டி டிரைவர்கிட்ட ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரச் சொல்றேன்.

டெல்பர்ட்: பெரிய வம்புக்காரி நீ.

ஷெல்பி: உங்க பஸ்ல வளந்தவ. அம்மா பாவம், தன் ஓட்டாலதான் நீங்க கோவிச்சுக்கிட்டு வெளிய போய் விழுந்தீங்கன்னு நொந்துபோயிருக்காங்க. பலகை பிடுங்கறப்போ தலை சுத்தியிருக்கு, கோவமெல்லாம் ஒண்ணுமில்லன்னு நானே சொல்லிடட்டுமா?

டெல்பர்ட்: பலகையைப் பிடுங்க நான் போகல, பாப்பா. காபியை ஊத்திட்டு அவளைக் கூப்பிடலாம்னு வாயைத் திறந்தேன், பேரு வரல. வேற எவன் பேரு போனா எனக்கென்ன, அவ பேரு… கல்யாணமான வருஷம் எங்க ரெண்டு பேரு பேரையும் நானே பெயிண்ட்டுல வாசல்ல இருக்கற எங்க தபால் பெட்டி மேல எழுதினேன், அதைப் பாத்துட்டு வந்து கூப்பிடலாம்னுதான் போனேன். எழுத்து ஒவ்வொண்ணும் தெரியுது, சேத்துப் படிக்க முடியல, கால் துவண்டுருச்சு. இரு, அவ பேரை நீயும் சொல்லிடாத, நானாத் தேடிக்கறேன். ஸ்ட்ரெச்சரைக் கொண்டா, வர்றேன். அவகிட்ட மட்டும் எதுவும் சொல்லாத… ஓட்டை மாத்திப் போட்டதுக்குத்தான் கோவம்னு நினைச்சுக்கிட்டு இருக்கா, அப்படியே நினைச்சுக்கட்டும்.