கரிப் பாத்தியின் மேல் மண்டபம் வேண்டாம்

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

மேடையில் அமர்ந்திருந்த பெரியவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்ற நண்பர்களே, தேநீர் ஆறிவிடுமே என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்த சகாக்களே! நேற்றைய இரங்கல் கூட்டத்தில் நானும் பேசுவதாக இருந்தது. என் முறை வந்தபோது நம் ஆய்வு நிலையத்தின் இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாயிடுச்சு, எல்லாரும் எழுந்து மௌனமா நிப்போம்" என்றார். நின்றேன். மௌனம் எனக்கு என்ன புதிதா? பேசாமல் விட்ட அந்த உரையை இங்கே எழுதுகிறேன். தேநீர் குடித்துக்கொண்டே படியுங்கள்.

நம் மண் ஆய்வுப் பிரிவின் தலைவர் இன்று இல்லை. முதலில் முதுகுக்குப் பின்னாலும், பிறகு முகத்துக்கு நேராகவும் 'கரிக்காரர்' என்று நாம் அழைத்த மனிதர் இல்லை. என்ன மனிதர் அவர்! நாமெல்லாம் மரக்கரியை அடுப்பில் பார்த்திருக்கிறோம். அவர் அதற்குள் ஒரு ஊரைப் பார்த்தார். ஒரு துண்டை உடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொல்வார்:

"உள்ள பாருப்பா, தெருத்தெருவாப் போகுது. தெருவுக்குத் தெரு அறை. தண்ணி வந்து தங்கும், சத்து வந்து தங்கும். கண்ணுக்குத் தெரியாத உசுரெல்லாம் குடும்பத்தோட வந்து தங்கும். நாம போன பிறகும் இந்த வீடு இடியாது."

அவர் சொல்லச் சொல்ல, நாம் நிற்கும் தரைக்கு அடியில் யாரோ வீடுவீடாக விளக்கேற்றிக்கொண்டு போவதுபோல இருக்கும். படித்தவன், எதையும் எளிதில் நம்பாதவன், நானே ஒருமுறை காலைத் தூக்கிவிட்டு மெதுவாக வைத்தேன்.

கரி ஒன்றே போதும் என்று அவர் சொன்னாரா? ஒருநாளும் இல்லை. மட்கிய இலை, சாணம், எலும்புத்தூள், பூக்கும் முன்பே மடக்கி உழுத பயறுச்செடி என்று எல்லாவற்றையும் சொந்தக்காரர்களைப் போல நலம் விசாரிப்பார். "இவங்கெல்லாம் சாப்பாடு கொண்டு வர்றவங்க. கரி சமைக்காது. வந்தவங்களைத் தங்க வைக்கும், அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' தெரியாமல் நடந்த கதையை நேற்று மேடையில் யாராவது சொன்னீர்களா?

கரிச் சோதனையின் முதல் பருவம். கரியைச் சாணக் கரைசலில் சில வாரங்கள் ஊறவைத்துத்தான் நிலத்தில் போட வேண்டும் என்றார் அவர். வெளியூர் விருந்தினர்கள் வரப்போகிறார்கள், அதற்குள் பயிர் நிற்க வேண்டும் என்றார் இயக்குநர்.

"சார், இப்ப இது காலி வீடு. இப்படியே போட்டா அக்கம்பக்கத்துல இருக்கிற சத்தையெல்லாம் உள்ள இழுத்துக்கும். முதல்ல குடி வைக்கணும்."

"ஆளுங்க வர்ற நேரத்துல வீடு, வாடகைன்னு கதை சொல்லாதீங்க. கொட்டச் சொல்லுங்க."

கொட்டினார்கள். பயிர் முழுவதும் மஞ்சளித்தது. விருந்தினர்கள் வரப்பில் நின்று முகம் சுளித்தபோது இயக்குநர் என்ன சொன்னார்? "கரி நம்ம மண்ணுக்கு ஒத்துக்கலைங்க. இவர் ரொம்ப ஆசைப்பட்டாரு, சரின்னு விட்டோம்." பக்கத்தில் நின்ற கரிக்காரர் தலையாட்டினார். ஆம், தலையாட்டினார்! அவர் மேல் எனக்கிருந்த கோபம் அன்று தொடங்கியது. அது இன்றும் ஆறவில்லை. செத்துப்போனார் என்பதற்காக ஆறிவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

"ஏன் சார் வாயைத் திறக்கல?" என்று சண்டைக்குப் போனேன்.

"திறந்தா சண்டை வரும். சண்டை முடியறதுக்குள்ள மழை முடிஞ்சிடும்ப்பா. எனக்கு ஒரு வண்டி சாணி வேணும். அதுக்கு அவர் கையெழுத்து வேணும்."

அவர் விட்டார், நான் விடவில்லை. நடந்ததை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். என்னைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். இன்றுவரை சாக்குகளுக்குத் தலைவனாக இருக்கிறேன். அவருக்கும் தண்டனை கிடைத்தது: நல்ல நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு, பின்கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவே, புல்கூட முளைக்க யோசித்த வெளிறிய துண்டு நிலத்தைக் கொடுத்தார்கள்.

அங்கேதான் அவர் அந்த ஊரைக் கட்டினார். கழித்த கிளைகளைக் குழியில் எரித்து, மண்ணால் மூடி, தண்ணீர் ஊற்றி அணைத்தார். சாணக் கரைசல் தொட்டியில் கரியை மிதக்கவிட்டு, அது கனத்து அடியில் இறங்கும்வரை நாள்தோறும் கிளறினார். நாற்றத்தில் நீங்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போனீர்கள். கணக்காளர் கேட்டது நினைவிருக்கிறதா?

"என்ன சார், குளிச்சிட்டு வந்தீங்களா, ஊறிட்டு வந்தீங்களா?"

"ஊறினாதாங்க நாலு பேருக்குப் பிரயோஜனம்."

பருவம் தோறும் அந்தத் துண்டு நிலம் கறுத்தது. கறுக்கக் கறுக்க மேலே பச்சை ஏறியது. மழை நின்ற மாலைகளில் ஒரு பிடி மண்ணோடு கிடங்கின் ஜன்னலுக்கு வருவார். நான் அவரோடு பேசுவதில்லை. "பேச வேணாம், மோந்து பாரு" என்று கையை நீட்டுவார். எனக்கென்ன வந்தது என்று உட்கார்ந்திருப்பேன். பிறகு மோந்து பார்ப்பேன். தூங்கி எழுந்த காட்டின் வாசனை அது. வேறு எப்படிச் சொல்வது?

நேற்று இயக்குநர் பேசப் பேச எனக்குக் கண் செருகியது. கூட்ட அறையின் தரை மெல்லக் கறுத்தது. நாற்காலிகளின் கால்கள் ஓசையின்றி இறங்கின. ஒலிபெருக்கிக் கம்பி கீழே வேர் விட்டது. பேசியவரின் குரல் அதன் வழியாக இறங்கி எங்கோ தொலைவில் மழையாகப் பெய்தது. மாலைகளுக்கு நடுவே படத்திலிருந்த கரிக்காரர் குனிந்து எதையோ கிளறிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கைதட்டல் கேட்டு விழித்தேன். எதற்குக் கைதட்டினீர்கள்? அவர் பெயரில் நினைவு மண்டபம் கட்டப்போகிறார்களாம். எங்கே? பின்கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவே! வரும் வாரமே தோண்டத் தொடங்குகிறார்களாம்!

கூட்டம் கலைந்ததும் அவர் மனைவி தாழ்வாரத்தில் என்னிடம் வந்தார்.

"தம்பி, மண்டபம்னா ஆழமாத் தோண்டுவாங்கல்ல? அந்த மண்ணை எங்க கொட்டுவாங்க?"

பக்கத்தில் நின்ற நம் லாரி ஓட்டுநரைப் பார்த்தேன். அவர் தயங்கிக்கொண்டே சொன்னார்: "மதிலுக்கு வெளிய ஒரு பள்ளம் இருக்கும்மா. அதுல கொட்டச் சொல்லியிருக்காங்க."

"அப்போ அவர் பேரு உள்ள இருக்கும். அவரு வெளிய கிடப்பாரு" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா குடையை விரித்துக்கொண்டு போனார்.

நண்பர்களே, நமக்கு மண்டபம்தான் வேண்டுமென்றால், வாசலில் தார் போட்ட இடம் இல்லையா? கார்கள் கொஞ்சம் தள்ளி நிற்காதா? கெட்டுப்போன நிலத்தை ஒரு மனிதர் தன் ஆயுளைக் கொட்டி எழுப்பினார். அதைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு அதன்மேல் அவர் படத்தை மாட்டுவதா அஞ்சலி?

தோண்ட வரும் நாளில் அந்தப் பாத்தியில் நான் நிற்பேன். கூட வருகிறவர்கள் வரலாம். அடுத்த பருவத்துக்கென்று அவர் ஊறப்போட்ட கரி இன்னும் தொட்டியில் இருக்கிறது. கூட்டத்திலிருந்து நேரே போய்க் கிளறிவிட்டு வந்தேன். பாதிதான் இறங்கியிருக்கிறது. மீதியும் இறங்கும்வரை கிளறுவேன். பிறகு அதை அவருடைய மண்ணில்தான் போடுவேன். இது உறுதி.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன். எழுதினால் என்ன ஆகும்? "இவனா? இவனுக்கு எப்பவுமே வயித்தெரிச்சல்" என்பீர்கள். என் வயிற்றெரிச்சல் உண்மை, அதற்குக் காரணங்களும் உண்டு. ஆனால் அந்தப் பேச்சில் பாத்தி மறந்துபோகும். லாரி வந்து நிற்கும். சாக்குக் கிடங்கு என்று படித்ததுமே எந்த ஆள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாளின் ஓரமெல்லாம் கரி படிந்த விரல்தடம் வேறு. தெரிந்தால் தெரியட்டும். என்னைத் திட்டுவதற்கு என் கையெழுத்தையும் நானே கொடுக்க மாட்டேன். நாளைக் காலை வாசல் பலகையில், அவர் படத்துக்குப் பக்கத்தில், பெயர் போடாமலே இதை ஒட்டுகிறேன்.