சோலையப்பன் கடைசியாகச் சாப்பிட்டது

என் பெயர் செவந்தி. வயது சுமார் முப்பது. புருஷன் பெயர் சோலையப்பன், காலஞ்சென்றவர். தொழில் பண்ணைக் கூலி. குடியிருப்பு, குளத்தூர் தாலுகா அன்னவாசலை அடுத்த காரைக்குளம்பட்டி. என் புருஷனுக்கு விஷக்காளான் சமைத்துக் கொடுத்துக் கொன்றதாக என்மேல் சொல்லப்படும் குற்றம், தாரண வருடம் கார்த்திகை மாதம் மாஜிஸ்திரேட் முன்பாக எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதன்பேரில் நான் சொல்வதாவது:

சென்ற புரட்டாசியில் என் புருஷனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்ட பிறகும் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோனேன். டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் இல்லை, ஆட்டு ஈரலும் முட்டையும் கொடு என்றார். எங்களுக்கு அது கட்டாது என்று சொன்னேன். மழை பெய்தால் உங்கள் பக்கம் புற்றுக்காளான் முளைக்குமே, மாமிசத்தில் உள்ள சத்து அதிலும் உண்டு, தெரிந்த காளானாகப் பார்த்துக் கொடு என்று சொல்லி அனுப்பினார்.

ஐப்பசி மழை விழுந்ததும் பண்ணைத் தரிசில் உள்ள புற்றுகளில் காளான் கிளம்பியது. நான் சிறுவயது முதல் பறித்து வருவது அந்தக் காளான்தான். மண்ணைக் கழுவி, மஞ்சளும் மிளகும் உள்ளியும் போட்டுக் குழம்பு வைத்துக் கேப்பைக் களியோடு கொடுத்து வந்தேன். மிஞ்சியதை வெயிலில் காயவைத்தேன். அதன்பிறகு அவருக்கு உடம்பு தேறியது. சுவரைப் பிடிக்காமல் வாசல் வரை நடந்தார். பிறகு ஒரு நாள் காலையில், தானும் தரிசுக்கு வருவதாகச் சொல்லி என்னோடு புறப்பட்டார். நான் தடுக்கவில்லை. அவர் நடப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தரிசில் நாங்கள் காளான் எடுத்துக்கொண்டிருக்கையில் பண்ணைக் காரியக்காரர் செல்லமுத்து அங்கே வந்தார். "வேலைக்கு வரத்தான் சீக்கு, காளான் புடுங்கத் தெம்பு வந்துருச்சோ?" என்று கேட்டார். அதற்கு என் புருஷன், "இது யாரும் வெதைச்சு மொளைச்சதில்லைங்க" என்று சொன்னார். உடனே செல்லமுத்து கையிலிருந்த தடியால் என் புருஷனை வலது விலாவில் அடித்தார். கீழே விழுந்தவரை அதே இடத்தில் மிதித்தார். நான் குறுக்கே விழுந்தேன். அதன்பிறகு செல்லமுத்து அங்கிருந்து போய்விட்டார்.

என் புருஷனைத் தோளில் சாய்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மடியிலிருந்த காளான் நசுங்கியிருந்தது. அதையே சமைத்தேன். நான், என் மாமியார் ராக்காயி, என் மகள் ராசாத்தி, என் புருஷன் ஆகிய எல்லோரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டோம். அவருக்கு மூச்சு இழுத்து விடவே வலித்தது. மறுநாள் விடிந்தபோது வாயில் ரத்தம் வந்து இறந்துபோனார். வாந்தியோ பேதியோ இல்லை. எங்களில் வேறு யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை.

செய்தி தெரிந்து செல்லமுத்து வந்தார். காளான் தின்று செத்துப்போனான் என்று வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எங்கள் பங்காளிகளில் புதைப்பதுதான் வழக்கம். விஷம் தீண்டிய உடம்பை மண்ணில் போடக்கூடாது என்று சொல்லி, பண்ணையிலிருந்து ஒரு வண்டி புளிய விறகு அனுப்பிவைத்தார். காய்ந்த, நல்ல விறகு. அன்று மத்தியானத்துக்குள் எரித்துவிட்டார்கள்.

அதன்பிறகு நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய், என் புருஷனை அடித்துக் கொன்றதாகப் பிராது சொன்னேன். அவர் கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்கள். காளான் என்று சொன்னேன். போலீஸார் விசாரணைக்கு ஊருக்கு வந்தபோது, நாங்கள் எல்லோரும்தான் சாப்பிட்டோம் என்று சொன்னேன். அதற்குச் செல்லமுத்து, "எல்லாரும் தின்னீங்கன்னா அவன் மட்டும் ஏன் செத்தான்? தனியா வச்சுக் கொடுத்திருக்கா" என்று சொன்னார். ஊரில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அடித்ததைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

காயவைத்த காளானை நானே எடுத்துக் கொடுத்தேன். வெளியூரில் பரிசோதித்து வந்ததை இன்ஸ்பெக்டர் எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் மாமிசச் சத்தும், உப்புச் சத்தும், நாரும் கண்டிருப்பதாகவும், விஷம் எதுவும் காணவில்லை என்றும் இருந்தது. ஆனால் இறந்தவன் தின்றது இந்தக் காளான்தான் என்பதற்கு அத்தாட்சி இல்லை என்று சொன்னார்கள். தின்றது அவரோடு எரிந்துபோயிற்று என்று சொன்னேன்.

தான் அன்று சாப்பிடவில்லை என்று என் மாமியார் ராக்காயி எழுதிக்கொடுத்திருப்பதாக அறிகிறேன். அவளுடைய இளைய மகன் மூக்கன் இப்போது என் புருஷன் பார்த்த வேலையைப் பார்க்கிறான். இருவரும் பண்ணைக் குடிசையில்தான் இருக்கிறார்கள். அவள்மேல் எனக்குப் பகை இல்லை.

என் மகள் ராசாத்தியைக் கேட்கலாம். அவள் இரண்டாம் தடவை குழம்பு கேட்டாள். அப்பாவுக்குத் தெம்பு வரட்டும் என்று நான் கொடுக்கவில்லை. அதனால்தான் நீ பிழைத்தாய் என்று ஊரில் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். நேற்று ஸ்டேஷனுக்கு அவளைக் கூட்டிவந்தபோது, எனக்குக் கொடுத்த சோற்றை உருட்டி அவளுக்கு நீட்டினேன். வாயை மூடிக்கொண்டாள்.

மேற்படி வாக்குமூலத்தை எனக்கு வாசித்துச் சொன்னார்கள். நான் சொன்னதற்குக் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. யார் மிரட்டியும் ஆசை காட்டியும் சொன்னதல்ல. அத்தனையும் நடந்தது. கையெழுத்துத் தெரியாததால் வைத்தது:

செவந்தி, இடது பெருவிரல் ரேகை.