கால் ஊன்றாத கொளஞ்சி

வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவனுக்கு முதலில் ஆளின் காலைப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். கால் குட்டை என்றால் சீட்டை இறக்க வேண்டும், நெட்டை என்றால் ஏற்ற வேண்டும். முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் இந்த அறைக்குள் வந்தபோதும் உங்கள் காலைத்தான் பார்த்தேன், ஐயா. உங்களுக்கு ஒரு விரற்கடை இறக்கினால் போதும்.

என் பெயர் பலராமன். முதலியார்பேட்டையில் கடை. காலையில் மில் சங்கு ஊதிவிட்டால் எங்கள் ரோட்டில் சைக்கிளைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. ஹேண்டில் பாரில் சாப்பாட்டுத் தூக்கு ஆட, மணியடித்துக்கொண்டு போகிற கூட்டத்துக்குப் பஸ்காரனே ஓரம் கட்டி வழிவிடுவான். அந்தக் கூட்டத்தில் சிலர் சாயங்காலம் என் கடை பெஞ்சில் வந்து உட்காருவார்கள். அதுதான் எங்கள் சைக்கிள் மன்றம். ஆடி மாதம் வீராம்பட்டினம் தேருக்கு ஹேண்டில் பாரில் வேப்பிலை கட்டிக்கொண்டு வரிசையாகப் போவோம். ஒருவனுக்குப் பஞ்சர் என்றால் அத்தனை பேரும் நிற்போம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களை வேலைவெட்டி இல்லாத காலிகள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

மன்றத்தின் சார்பில் அவ்வப்போது நிற்காத சவாரி நடத்துவோம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். மைதானத்தில் வட்டம் போட்டு, ஒரே ஆள் ஒரு வாரம் இரவும் பகலும் சைக்கிளிலேயே சுற்றுவான். சோறு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே. தூக்கம் வந்தால் ஹேண்டில் பாரில் தலையைச் சாய்த்துக்கொள்வான், கூட ஒருவன் சீட்டைப் பிடித்தபடி நடப்பான். கால் மட்டும் தரையில் படக் கூடாது. பட்டால் அத்தோடு முடிந்தது. கடைசி நாள் சாயங்காலம் அவனைக் குழியில் படுக்க வைத்து, மேலே பலகை போட்டு, மண்ணைத் தள்ளி மூடி, அரை மணி கழித்து உயிரோடு எடுப்போம். சனம் அதற்குத்தான் கூடும். மேரிக்குப் போய் முனிசிபல் அதிகாரியிடம் சவாரிக்கு அனுமதி கேட்போம், குழியைப் பற்றி வாயைத் திறக்க மாட்டோம். மேரியில் வேலை பார்ப்பவர்களும் குடும்பத்தோடு வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

எண்பதில் நான் ஓட்டினேன். தொடை இரண்டும் புண்ணாகி, வேட்டி சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஒருமுறைகூடக் கால் ஊன்றவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் கண் இருட்டிக்கொண்டு வந்து சைக்கிளோடு சாய்ந்தேன். விழுவது வேறு, ஊன்றுவது வேறு. ஊருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு 'உழுந்த பலராமன்' என்று பெயர். வாடகைக்கு வருகிறவன்கூட ரோட்டில் நின்றுகொண்டு, "உழுந்தவரு கடை இதானே?" என்று கேட்பான். நான் சிரித்துக்கொண்டே சீட்டை ஏற்றி இறக்கிக் கொடுப்பேன். வருடக்கணக்காகச் சிரித்தேன், ஐயா.

எண்பத்து மூன்றில் கொளஞ்சி ஓட்டினான். எங்கள் மன்றத்து ஆள்தான். நன்றாக ஓட்டுவான், இல்லை என்று சொல்ல மாட்டேன். மில்லில் அவனுக்கு வேலை நிரந்தரம் இல்லை, பெண்டாட்டி ஜெயம் முழுகாமல் இருந்தாள். சவாரியை முடித்துக் காட்டினால் மேட்டுப்பாளையத்தில் தன் கம்பெனியில் வேலை போட்டுத் தருவதாக விழாத் தலைவர் மேடையிலேயே சொல்லியிருந்தார். மைக்கில் பேசுவது என் பொறுப்பு. மைக் செட் ஹாஜாவுடையது. ஊரில் எந்த விசேஷம் என்றாலும் அவன் குழாய்தான் கட்டுவார்கள்.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் மைதானத்தில் ஒரு நாய்கூட இல்லை. ஹாஜா தொழுகைக்குப் போயிருந்தான். கொளஞ்சி வட்டத்தின் ஓரத்தில் சைக்கிளை நிறுத்தினான். இறங்கினான். வேப்பமரத்தடியில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்து சோடா கேட்டான்.

"டேய், காலு" என்றேன்.

"யாருண்ணே பாக்குறா? ஒனக்கு மட்டுந்தான் தெரியும். நீ பாட்டுக்கு மைக்குல பேசிக்னு இரு."

பேசினேன். 'கால் ஊன்றாமல் சுற்றுகிறான் எங்கள் கொளஞ்சி' என்று பேசினேன். நாலு தெருவுக்கும் கேட்டிருக்கும். அவன் சோடாவை முடித்து ஏப்பம் விட்டு, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறிப் போனான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தொடையில் தழும்பு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். நான் ரத்தம் சிந்தி விழுந்தவன். அவன் நிழலில் இளைப்பாறி எழுந்தவன். இந்த ஊர் யாரைப் பார்த்துச் சிரித்தது, யாருக்கு மாலை போட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போதே நாலு பேரிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். விழுந்தவன் வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கடைசி நாள் மைதானம் கொள்ளவில்லை. மதில் மேல், மரத்தின் மேல், கூரை மேல் எல்லாம் ஆள். கொளஞ்சி சுற்றிக்கொண்டே வந்து என் கையிலிருந்து மைக்கைப் பறித்தான். "நானும் பலராமண்ணன் மாரி பாதில உழுந்துடுவன்னு பாத்தீங்களா?" என்றான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பெண்கள் வரிசையில் என் பெண்டாட்டி அஞ்சலாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு அவனைக் குழியில் இறக்கினோம். உள்ளே படுப்பவனின் கையில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை மேலே ஒருவன் பிடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். மேலே இருப்பவன் ஓர் இழுப்பு இழுத்தால், உள்ளே இருப்பவனும் ஓர் இழுப்பு இழுத்து நலம் என்று சொல்வான். அவன் விடாமல் இழுத்தால் உடனே தோண்டி எடுத்துவிட வேண்டும். கயிற்றை யாரிடம் கொடுப்பது என்பதை உள்ளே போகிறவன்தான் சொல்வான்.

"நீதாண்ணே புடிக்கணும்" என்றான் கொளஞ்சி. "ஒன்ன உட்டா எனக்கு யாரு இருக்கா?"

மண்ணைத் தள்ளி மூடினோம். மேட்டின் மேல் அவனுடைய சைக்கிளை மாலையோடு நிறுத்தினோம். ஒரு கையில் மைக், ஒரு கையில் கயிறு. நான் இழுத்தேன், அவன் இழுத்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. முந்தின நாள் பெய்த மழையில் மண் ஈரமாகிக் கனத்திருந்தது. பலகை அமுங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் நான் இழுக்காமலே கயிறு இழுபட்டது. நிற்கவில்லை.

ஹாஜா பார்த்துவிட்டான். "அண்ணே, கயிறு ஆடுதுண்ணே. எடுத்துடலாமா?"

"நல்லா இருக்கேன்னு சொல்றாம்பா" என்றேன். அதையே மைக்கிலும் சொன்னேன். சனம் கைதட்டியது. கயிற்றின் தொய்வைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டேன். அதற்கப்புறம் வெளியே எதுவும் தெரியவில்லை, என் மணிக்கட்டில் மட்டும் தெரிந்தது. அவன் இழுக்க இழுக்க, 'கொளஞ்சி நலமாக இருக்கிறான்' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் விசில் பறந்தது.

அரை மணி ஆனது. ஜெயம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்து நின்றாள். "போதும்ணா. எடுத்துடுங்கண்ணா. எனக்கு என்னமோ பண்ணுது."

"இரும்மா, அவன் சாதனைய நாமளே கெடுக்கக் கூடாது" என்றேன். பிறகு சனத்தைப் பார்த்து, "போதுமா, இன்னும் வேணுமா?" என்று மைக்கில் கேட்டேன். வேணும் என்று மைதானமே கத்தியது. நான் யாரையும் வற்புறுத்தவில்லை. அவர்களைக் கேட்டேன், அவர்கள் சொன்னார்கள். ஜெயம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டி, பயப்படாதே என்று சைகை காட்டினேன். கயிறு லேசாகி, அப்புறம் அசையாமல் போனது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மண்ணை வாரிப் பலகையைத் தூக்கியபோது மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள். நான் பாதத்தைப் பார்த்தேன். ஜெயம் போட்ட கூச்சலில் ஹாஜா மைக்கை அணைத்துவிட்டான். அன்றிலிருந்து அவன் மைக் செட்டை வெளியே எடுக்கவில்லை. அவனை நீங்கள் தொந்தரவு செய்யாதீர்கள், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

உங்கள் ஸ்டேஷன் சிவப்புத் தொப்பிக்காரர்கள் வந்து விசாரித்தார்கள். அவன் ஒற்றை இழுப்பாகத்தான் இழுத்தான், எடுக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை என்று சொன்னேன். சனமும் அதைத்தான் சொன்னது. விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். நான் கடையைத் திறந்தேன், சீட்டை ஏற்றினேன், இறக்கினேன். எல்லாம் பழையபடி ஆகியிருக்கும்.

ஊர்தான் விடவில்லை. சாகிற நேரத்திலும் நலம் என்று சொல்லிச் செத்தவன் என்று சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். என் கடை நெற்றியிலேயே 'கால் ஊன்றாத கொளஞ்சி சைக்கிள் மன்றம்' என்று பலகை மாட்டினார்கள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். இந்த ஆடியில் வீராம்பட்டினத்துக்குப் போன அத்தனை சைக்கிளிலும் அவன் படம். கம்பெனிக்காரர் வேலையை ஜெயத்துக்குக் கொடுத்தார். அதில் எனக்கு வருத்தம் இல்லை, பிள்ளைக்காரி. அவள் கைக்குழந்தையோடு கடைக்கு வந்து, "கடைசி வரைக்கும் நீதாண்ணா கூட இருந்த" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அஞ்சலாட்சி என் வீட்டுக் கூடத்தில் அவன் படத்தை மாட்டி, தினமும் பூ வைக்கிறாள். நேற்றுச் சாயங்காலமும் வைத்தாள். வைத்துவிட்டு, "ஆம்பள" என்றாள்.

அதனால்தான் நானாகவே வந்தேன். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். செத்தவன் மேல் யாருக்காவது பொறாமை வருமா? நடந்தது நடந்தபடி ஊருக்குத் தெரிய வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அவன் வெள்ளிக்கிழமை மத்தியானம் கால் ஊன்றினான். குழிக்குள் அவன் வீரமாக இருக்கவில்லை. எடு எடு என்று கெஞ்சினான், கயிறு என் தோலை அறுக்கிற அளவுக்கு இழுத்தான். அதை முதலில் எழுதுங்கள், ஐயா. நான் எடுக்காமல் விட்டதை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.