பட்டாளத்தில் எழுதிய தகப்பன் பேர்

சீனச் சண்டைக்கு மறு வருஷம், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ். சாரலுக்காகப் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். எனக்கு முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த பெரியவரிடம், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்:

“அண்ணாச்சி, சாதியக் கேக்கவே இல்ல!”

“எங்கலே?”

“பட்டாளத்துக்கு ஆளெடுக்கிற எடத்துல. தம்பியச் சேத்துக்கிட்டாங்க.”

“முந்தி நம்ம ஆளுவ வேண்டாம்னு வெரட்டுனாங்களே?”

“அதுக்குத்தான் வேற சாதின்னு சொல்லச் சொல்லி, அதுக்கேத்த பொய் அப்பா பேரு, குலசாமியெல்லாம் பாடம் பண்ணி அனுப்புனோம். அங்கன நெஞ்ச அளந்தாங்க, ஓடச் சொன்னாங்க, அவ்வளவுதான். கடைசியில கிளார்க்கு அப்பா பேரக் கேட்டதும் பாடம் பண்ணுன பேரச் சொல்லிட்டான்.”

“அட பாவி!”

“பொறவு மனசு கேக்காம, ‘இல்ல சார், எங்க ஐயா பேரு இது’ன்னு நெசத்தச் சொல்லிருக்கான். அந்தப் பேரச் சொன்னாலே நம்ம சாதி தெரிஞ்சிரும்லா? கிளார்க்கு அடிச்சு மாத்தி எழுதிட்டு, அடுத்த ஆளக் கூப்பிட்டாராம்.”

மேலகரம் தாண்டும்போது பெரியவர் கேட்டார்:

“ஒங்க ஐயா என்ன சொல்லுதாரு?”

“தம்பி சேந்தது கூட அவருக்குப் பெருசில்ல அண்ணாச்சி. ‘எம் பேரையா எழுதுனாங்க, எம் பேரையா எழுதுனாங்க’ன்னு காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காரு.”