சமையலறைத் தகட்டை உட்புறமாகத் திருப்பி மாட்டியது பற்றி

பெயர், புகார் மனுவில் உள்ளபடி. நாளும் நேரமும் மறக்காததால் தெருவில் என்னைக் காலண்டர் அம்மா என்பார்கள். வயது எழுபத்து மூன்று. ஐந்தாம் வகுப்பில் பாதி வரை படித்தேன். காலமான தகரப் பட்டறைத் தொழிலாளியின் மனைவி. மூன்றாம் மாடி, இடது பக்கம் கடைசி வீட்டில் மகன், மருமகளோடு குடியிருக்கிறேன். இந்தக் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டிருக்கும் மெக்கானிக் மீது தவறில்லை என்று சொல்ல நானாக வந்தேன். என்னை யாரும் மிரட்டவில்லை. மிரட்டவும் முடியாது.

எங்கள் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பின்னால், புகை போகும் குழாயின் வாயில், முப்பத்தொரு வருடத்துக்கு முன் என் கணவர் ஒரு தகடு செய்து மாட்டினார். ஃபேன் ஓடினால் அது வெளிப்பக்கமாகத் திறந்து புகையை விடும், நின்றால் தானே விழுந்து வெளிக்காற்றை மறிக்கும். வாசல் கதவைத் திறந்தாலும் உள்ளே புகும் காற்றில் ஒரு முறை எழுந்து 'டக்' என்று விழும். மாலை ஆறேகாலுக்கு அந்தச் சத்தம் கேட்டதும் டீக்குத் தண்ணீர் வைப்பேன். "நான் வந்தேன்னு யாரு சொன்னா?" என்பார் தினமும். "உங்க தகடுதான். உங்களைவிட அதுக்கு வாய் நீளம்" என்பேன். அவர் போய்ப் பதினொரு வருடம் நான்கு மாதம் ஆகிறது.

கடந்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, தகடு இற்றுப்போய்க் குளிர்காற்று வருகிறது என்று மருமகள் மேற்படி மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் என் கணவரோடு ஒரே பட்டறையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். என் கணவரின் சாவுக்கு வரவில்லை. அன்று முதல் நான் அவரோடு பேசுவதில்லை. அவர் பழைய தகட்டைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, ஸ்பிரிங்கும் ரப்பர் விளிம்பும் வைத்த டேம்பர் என்கிற புதிய மூடித் தகட்டை மாட்டினார். ஃபேனை ஓடவிட்டு, காகிதத் துண்டைப் பிடித்து, காற்று வெளியே இழுப்பதைக் காட்டிவிட்டுத்தான் போனார். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

அதன் பிறகு பழைய தகட்டைத் துடைத்தபோது, அதன் வெளிமுகத்தில் ஆணியால் பொறித்த எழுத்து தெரிந்தது. 'இந்தப் பக்கம் வெளியே' என்றிருந்தது. என் கணவர் கையெழுத்து. அவர் எழுதிய தாள் ஒன்றுகூட என்னிடம் இல்லை. காரியம் முடிந்த மறுநாளே அவர் பெட்டியை என் கொழுந்தன் தூக்கிக்கொண்டு போனான். அது தனிக் கதை, கேட்டால் சொல்வேன்.

புதன்கிழமை மருமகள் வேலைக்குப் போன பிறகு ஸ்டூலில் ஏறி, ஃபேனின் நான்கு திருகாணிகளைக் கழற்றி, புதியதை எடுத்துவிட்டுப் பழையதை மாட்டினேன். எழுத்து வெளியே இருந்தால் காக்கைதான் படிக்கும் என்று என் பக்கம் திருப்பி மாட்டினேன். திருப்பினால் திறக்காது என்று தெரியாதா என்று அதிகாரி கேட்டார். தெரியும். பொழுது சாய்வதற்குள் சரி செய்துவிடலாம் என்றிருந்தேன். ஃபேன் இறக்கைகளின் இடுக்கில் அதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் கண் அசந்தேன்.

அதன் பிறகு நாலரை மணிக்கு மருமகள் சீக்கிரமாகத் திரும்பி, எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்து ஃபேனைப் போட்டிருக்கிறாள். ஃபேன் தள்ளத் தள்ளத் தகடு இன்னும் இறுகி, புகை உள்ளேயே நின்றது. அவளுக்கு மூச்சிளைப்பு உண்டு. இருமல் கேட்டு நான் எழுந்தபோது தரையில் கிடந்தாள். பக்கத்து வீட்டார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். குழாய் திறக்காததைப் பார்த்த மகன், மாட்டியிருப்பது பழைய தகடு என்று தெரியாமல், வியாழன் மதியம் மெக்கானிக் மீது புகார் கொடுத்தான். நான் பக்கத்தில் நின்றேன், வாய் திறக்கவில்லை. சாவுக்கு வராதவன் ஒரு ராத்திரி பெஞ்சில் உட்காரட்டும் என்று நினைத்தது உண்மை.

அன்று மாலை ஏழு மணிக்கு மெக்கானிக்கின் மனைவி எங்கள் வாசலுக்கு வந்தாள். "எப்பவும் ஆறுக்கு வந்துடுவாருக்கா. டீயை ரெண்டு தடவை சுட வெச்சுட்டேன்" என்றாள். நான் கதவைச் சாத்தினேன். திருப்பிக் கிடந்த தகடு, கதவு திறந்தும் சத்தம் போடவில்லை. விடிந்ததும் கிளம்பி இங்கே வந்தேன்.

நான் இதைச் சொல்லும்போது அந்த மெக்கானிக் பெஞ்சில் இருந்தார். "அண்ணி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த எழுத்தை மட்டும் வெட்டிக் குடுத்திருப்பேனே" என்றார். நான் அதிகாரியிடம், "அவனோட நான் பேசறதில்லைன்னு சொல்லுங்க. வீட்டுக்குப் போகச் சொல்லுங்க, டீ ஆறுது" என்றேன்.

தகட்டைச் சாட்சிப் பொருளாக ஒப்படைத்துள்ளேன். வழக்கு முடிந்ததும் துடைக்காமல், தேய்க்காமல் திருப்பித் தரவேண்டும். எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னதுதான், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கைநாட்டு வேண்டாம், எனக்கு எழுதத் தெரியும்.

(கையொப்பம்)