வண்டிக்கு இட்ட மாலை

கங்கையைச் சடையில் தாங்கிய பெருமான் திருவடி போற்றி. கார்த்திகைச் சோமவாரத்தன்று மாரண்டஹள்ளியிலிருந்து தர்மபுரி செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் தக்காளி ஏற்றும் பிக்கப் வண்டிக்காரர் ஒருவரும் லாரி ஓட்டுநர் ஒருவரும் அமர்ந்திருந்தனர்.

“சேலத்துல பழைய இஞ்சின் ஒண்ணு வாங்கப் போறங்க. எங்க வண்டி இஞ்சின் மாலையால செத்துப்போச்சு,” என்றார் வண்டிக்காரர்.

“மாலையாலயா? நல்ல கதைங்க!”

“ஆயுத பூசைக்கு ரேடியேட்டர மூடறாப்ல கட்டுனங்க. காத்து போவாம கொதிச்சு ஜாம் ஆயிட்டுது.”

“கொதிக்கறப்பவே அறுத்துப் போடறதில்லீங்களா? வண்டி ஓட்டுனீங்களா, தேர் இழுத்தீங்களா?”

“வாடறதுக்கு முந்தி கழட்டுனா வூட்டுக்கு ஆவாதுன்னு வுட்டுட்டன். பிரசவ வலியில பின்னால படுத்திருந்த எம் பொண்டாட்டியே, ‘அதப் பிச்சு எறிங்க’ன்னு கத்துனா. நாந்தான் அதட்டுனன்.”

ஓட்டுநரின் சிரிப்பு நின்றது. “அப்புறங்க?”

“வேற வண்டி கெடைக்கறதுக்குள்ள தாயும் போயிட்டா, புள்ளையும் போயிட்டுது.”

ஓட்டுநர், “அந்த வண்டிக்கா மறுபடியும் இஞ்சின் வெக்கறீங்க?” என்று கேட்டார்.

“தோட்டத்துல தக்காளி பழுத்துட்டுதுங்க.”

இதைப் படிப்போர் அனைவரும் தம் மனைவி மக்களோடு நலமாக வீடு சேர, அவனருள் துணை நிற்பதாக.