அண்ணன் கண் காட்டிய பாறைகள்

எங்கள் பக்கத்தில் உப்பளத்து வேலைக்குப் போகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி போட மாட்டார்கள். போட்டால் கண்ணுக்கு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கூலிக்காரன் ஒருவன் சினிமாக்காரன் மாதிரி கண்ணாடி மாட்டிக்கொண்டு உப்பு வாரினால் மரக்காணம் ஊரே சிரிக்கும். அதனால் கண்ணைச் சுருக்கிக்கொண்டே வேலை செய்வோம். யாருக்காவது கண் சரியில்லை என்றால் உப்பளத்து வெயில் என்று சொன்னால் போதும், மேற்கொண்டு ஒருவரும் கேட்க மாட்டார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

நான் சுப்ராயன். இறந்துபோன சிங்காரம் என் கூடப்பிறந்த அண்ணன். எங்களுக்குக் கடல் தொழில். மீன்பிடித் தடைக்காலம் இரண்டு மாதமும் உப்பளத்தில் கூலி வேலை. இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை. டீ கூட வாங்கிக் கொடுத்தீர்கள்.

அண்ணனுக்குக் கடலுக்கு அடியில் ஐந்து பாறைகள் தெரியும். பாறை இருக்கும் இடத்தில்தான் மீன் அடையும். அந்த இடத்தைக் கரையை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். படகில் இருந்து பார்க்கும்போது தண்ணீர் டேங்குக்கு நேர் பின்னால் ஒரு பனை வர வேண்டும். அதே நேரம் இன்னொரு பக்கம் மாதா கோயில் உச்சியும் செல்போன் டவரும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க வேண்டும். இந்த நான்கு அடையாளமும் சேருகிற இடத்தில் கீழே பாறை. நான் சொன்னது முதல் பாறையின் அடையாளம். அதை அண்ணன் என்னிடம் சொன்னார். நான் குடித்துவிட்டு, மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளுகிற சுருக்குமடி வலைக்காரர்களிடம் உளறிவிட்டேன். ஒரு வாரத்தில் அங்கே ஒரு குஞ்சு மீன் மிச்சமில்லை.

"உன் வாய்ல எதுவும் தங்காதுடா" என்று அண்ணன் ஊர்க்கூட்டத்தில் வைத்துச் சொன்னார். அதன்பிறகு பத்தொன்பது வருடம் நாங்கள் ஒரே படகில் போனோம், ஆனால் மற்ற நான்கு பாறைக்கும் அவர் என்னை ஒரு நாளும் கூட்டிப் போகவில்லை. சின்னக் கட்டுமரத்தில் தனியாகப் போய் வருவார். சோறு மட்டும் ஒரே வீட்டில்.

போன வருடம் தடைக்காலத்தில் உப்பளத் தொழிலாளிகளுக்குக் கண் முகாம் போட்டார்கள். அண்ணன் கண் ஒரு இடத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டே இருந்தது. நான்தான் கூட்டிப் போனேன். கண் பரிசோதிக்கக் கிளியனூரிலிருந்து வந்திருந்த ஆரோக்கியசெல்வி என்ற பெண் அவரை உட்காரவைத்து, தன் இரண்டு கையையும் அவருக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டாள். எந்தக் கை விரலை ஆட்டுகிறாளோ அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். அண்ணன் ஒவ்வொரு தடவையும் ஆடுகிற விரலையே பார்த்தார். பார்த்துவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "அண்ணே, இது கண்ணுல இல்ல, மூளையில ஏதோ இருக்குது. நல்லா இருக்கறவங்க பார்க்கக் கூடாதுன்னா கண்ணை அடக்கிக்குவாங்க. இவரால முடியல. ஞாபகம் போற நோயோட ஆரம்பமா இருக்கலாம். வேற காரணமா இருந்தா குணமாக்கவும் செய்யலாம். நான் டாக்டர் இல்லங்க. உடனே பாண்டியில நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க." ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தாள்.

அவள் சொன்னதில் ஒரே ஒரு விஷயம்தான் என் மண்டையில் ஏறியது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் அவரால் கண்ணை அடக்க முடியாது. சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் அண்ணி ராசம்மாள் கேட்டதற்கு, "உப்பளத்து வெயில் அண்ணி, சொட்டு மருந்து போட்டா சரியாயிடும்" என்றேன். சொட்டு மருந்தும் வாங்கி வந்தேன்.

தடைக்காலம் முடிந்ததும் கடலில் வைத்துக் கேட்டேன். "அண்ணே, ரெண்டாவது பாறை எங்க?" அவர் வாயைத் திறக்கவில்லை. முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டார். ஆனால் கண் கரைக்கு ஓடியது. முதலில் சவுக்குத்தோப்பின் முனை, உடனே அதன் பின்னால் ஒரு மாடி வீடு. மறுபடி கேட்டேன், மறுபடி அதே இடம். இப்படி மூன்று நாளில் நான்கு அடையாளமும் கிடைத்தது. படகை நகர்த்தி நகர்த்திப் பொருத்தி, இடத்தைப் போனில் குறித்தேன். அடுத்த பாறைக்கு இரண்டு மாதம் ஆனது. அதற்கடுத்ததும் அப்படித்தான்.

அண்ணி பாவம், வெயில்தான் காரணம் என்று நம்பி, சந்தையில் அவருக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தார். ஊர் சிரித்தாலும் பரவாயில்லை என்றார். கண்ணாடி போட்டால் அவர் எங்கே பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. அதைக் கடலில் போட்டுவிட்டு, தவறி விழுந்துவிட்டது என்றேன். நான் என்ன செய்கிறேன் என்று அண்ணனுக்கு ஒரு நாள் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் கேட்டதும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். வலிக்காமல்தான் எடுத்தேன்.

தை பிறப்பதற்குள் அவருக்கு வீட்டுக்கு வழி தெரியாமல் போனது. "தம்பி, பாண்டி ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்ட்டு வந்துடலாமா?" என்று அண்ணி நான்கைந்து தடவை கேட்டார். தடைக்காலம் வரட்டும் என்றேன். வேலை நாளில் படகை நிறுத்தினால் எப்படி என்று நியாயமாகப் பேசினேன். உண்மையில் இன்னும் ஒரு பாறை பாக்கி இருந்தது. அதற்குள் அவர் கண் எல்லா இடத்துக்கும் ஓட ஆரம்பித்துவிட்டது. எது அடையாளம், எது வெறும் ஆட்டம் என்று பிரிக்க முடியவில்லை. ஐந்தாவது பாறை கைவிட்டுப் போய்விடுமோ என்று ராத்திரி பகலாகப் பயந்தேன்.

மாசி மாதம், காலை பத்து மணி இருக்கும். கடல் அமைதியாக இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் பேசினார்.

"ஏம்பா, நீ எந்த ஊரு?"

எக்கியார்குப்பம் என்றேன்.

"அங்க சுப்ராயன்னு என் தம்பி இருக்கறான். தெரியுமா?"

"தெரியும்."

"அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவத்துல சொல்லாம வச்சிட்டேன். இப்ப எனக்கு மறந்து மறந்து போவுது. பெரிய பாறைய அவனுக்குத்தான் வச்சிருக்கறேன். நீ சொல்லிடுறியா?"

நான்கு அடையாளத்தையும் தடுமாறாமல் சொன்னார். பெரிய நிம்மதி வந்தது போல என் தோளில் தட்டினார். நான்தான் சுப்ராயன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். படகைத் திருப்பினேன். அவர் இறந்த பிறகு எல்லாம் வெளியே வந்தது, துக்கம் கேட்க வந்த ஆரோக்கியசெல்வியால்தான். "நரம்பு டாக்டர் என்ன சொன்னாரு?" என்று அவள் அண்ணியிடம் கேட்டாள். "எந்த டாக்டரும்மா?" என்றார் அண்ணி. அப்புறம் என்னைப் பார்த்தார். அன்றைக்கும் எனக்குச் சோறு போட்டார்.

அன்று அவர் அடையாளம் சொன்ன அரை மணி நேரத்தில் படகைப் பெரிய பாறைக்குக் கொண்டுபோனேன். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினேன், பாறையில் தட்டியது. போனை எடுத்தேன். அவர் எனக்குப் பின்னால் எழுந்து நின்றார். "வந்துட்டமா? நான் இங்கயே எறங்கிக்கிறேன்" என்றார், ஷேர் ஆட்டோவில் சொல்வது போல. அவர் சொன்னது எனக்குக் கேட்டது. தண்ணீரில் விழுந்த சத்தமும் கேட்டது. அண்ணனுக்கு நீச்சல் தெரியும், அவரே மேலே வந்துவிடுவார் என்று நினைத்தேன். நீச்சலும் மறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உண்மையை எழுதச் சொன்னீர்கள். தோன்றியது.

இடத்தைக் குறித்தால் போன் ஒரு பெயர் கேட்கும். மற்றவற்றுக்கு வெறும் எண்தான் போட்டிருந்தேன். இது அவர் மனசாரக் கொடுத்தது. அவர் பெயரையே வைப்பதுதான் அண்ணனுக்குச் செய்கிற மரியாதை என்று பட்டது. கை ஈரமாக இருந்ததால் எழுத்து சரியாக விழவில்லை. இரண்டு தடவை அழித்து, மறுபடி அடித்தேன். சிங்காரம் என்று பிழையில்லாமல் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.